நெல்லில் 700 எழுத்து குறைகிறதா? பணம் கட்டாதீர்கள்

கேள்வி: பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். நெல், செம்பனை, கறிவேப்பிலை மூன்றின் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் (டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. உருவாக்கும் நொதி) மரபணுக்களை ஒப்பிடுகிறேன். நெல்லில் ஆர்பிஓசி1 (rpoC1) என்ற மரபணு மட்டும் மற்ற இரண்டைவிட 700 டி.என்.ஏ. எழுத்துக்கு மேல் குட்டையாக இருக்கிறது. மாதிரி கெட்டுவிட்டதாம், திரும்ப வரிசைப்படுத்த 800 வெள்ளி ஆகும் என்கிறார் வரிசைப்படுத்தித் தரும் முகவர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தப் பாலிமரேஸின் மையப் பகுதிக்குப் பசுங்கணிகத்தில் நான்கு மரபணுக்கள் உண்டு: ஆர்பிஓஏ, பி, சி1, சி2. பெரும்பாலான நிலத் தாவரங்களில் சி1-இன் நடுவே சுமார் 700 எழுத்து நீளத்தில் ஓர் இன்ட்ரான் இருக்கும். புரதம் உருவாகுமுன் அது வெட்டி எறியப்படும். நெல், சோளம், கோதுமை போன்ற புல் குடும்பத்துப் பயிர்களில் அந்த இன்ட்ரான் எப்போதோ தொலைந்துவிட்டது. செம்பனை புல் அல்ல, அதனால் அதில் இருக்கிறது. இன்ட்ரானை எடுத்துவிட்டு புரதமாக மாற்றிப் பாருங்கள், மூன்றும் 680 அமினோ அமிலத்துக்கு அருகில்தான் வரும். வித்தியாசம் உண்மையில் இருப்பது சி2-இல். நெல்லில் அது நீளம், நடுவே கூடுதல் துண்டு ஒன்று நுழைந்திருக்கிறது. முகவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, பார்த்தீர்களா?

நெல்லின் பசுங்கணிக வரிசை 1989-லேயே முழுமையாக வெளிவந்தது. ஜீன்பேங்க் என்ற பொது மரபணு வரிசைத் தரவுத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் வரிசையை அதோடு வைத்துப் பார்க்க ஒரு மதியம் போதும். இந்த முகவர்கள் வரிசைப்படுத்துவதில்லை, வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு நடுவில் தரகு எடுக்கிறார்கள். "கட்டுரைக்குத் தயாரான அறிக்கை" என்று விற்பதும் இலவச மென்பொருள் துப்பிய படம்தான். மூல வரிசைக் கோப்பைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த முகவரை அதோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் ஜீன்பேங்கையும் கண்மூடி நம்பாதீர்கள். எந்த மரபணு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பைப் பலர் மென்பொருளிடம் விட்டுவிட்டு அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் கட்டுரை வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் கழுத்தைப் பிடித்தால் வேறென்ன நடக்கும்? சி1-இல் இன்ட்ரானுக்கு முன்னால் வரும் முதல் துண்டு சிறியது, அதன் எல்லை தவறிப் போவது சாதாரணம். அதனால் முதலில் புரதங்களை அடுக்கி ஒப்பிடுங்கள், அப்புறம் எழுத்துகளுக்குத் திரும்புங்கள். நடுவில் நிறுத்தக் குறி (புரதம் முடிகிறது என்று காட்டும் குறி) வந்தால் எல்லையைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாளை பட்டியலில் ஒரு நிலப்பாசியைச் (மாஸ்) சேர்த்தால், "ஆர்பிஓஏ இல்லை" என்று வரலாம். உடனே "இழந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற நிலப்பாசியில் அது பசுங்கணிகத்தில் இல்லை, செல்லின் கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 2003-இல் இது வெளியானது. புரதம் அங்கே தயாராகித் திரும்பப் பசுங்கணிகத்துக்குள் வருகிறது, வேலையும் நடக்கிறது. பசுங்கணிக வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கருவின் வரிசையிலும் தேடியாக வேண்டும். தேடாவிட்டால், "பசுங்கணிகத்தில் காணப்படவில்லை" என்று மட்டும் எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

முகவருக்கு எழுதும்போது காரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். மூலக் கோப்பை மட்டும் கேளுங்கள், எழுத்தில்.