பைன் ஸ்ட்ரா எத்தனை பேல் வாங்கணும்? – தோட்டத்துக் கேள்விகள்

கேள்வி: அக்கா வணக்கம். ஜார்ஜியாவுல கம்மிங் பக்கம் போன வருஷம்தான் வீடு வாங்குனோம். முன்னாடி பாத்தியில புதுசா பைன் ஸ்ட்ரா, அதான் மண்ணை மூடப் போடுற காஞ்ச பைன் ஊசி, போடுங்கன்னு ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) லெட்டர் போட்டுருக்காங்க. லேண்ட்ஸ்கேப் பண்றவர் ஒருத்தர் வந்து வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு 45 பேல் (கட்டு) ஆகும்னாரு, கையில டேப் கூட எடுக்கல. பக்கத்து வீட்டுக்காரர் 15 போதும்ங்கிறாரு. கடையில போட்டுருக்கிற அட்டையில ஒரு பேல் 50 சதுர அடி மூடும்னு இருக்கு. முன்னாடி பழைய ஓனர் போட்டது வெளுத்துப்போய் கொஞ்சம் கிடக்கு. பின்னாடி சரிவு ஒண்ணு மொட்டையா செம்மண்ணா கிடக்கு, மழை பெஞ்சா பேட்டியோ வரைக்கும் சேறு. போட்டோவும் நான் எடுத்த அளவும் அனுப்பிருக்கேன். யாரு கணக்கை நம்புறது?

பதில்: மூணு பேரும் பொய் சொல்லல தம்பி. ஆளுக்கு ஒரு சைஸ் பேலை மனசுல வச்சுப் பேசுறாங்க, அதான் சிக்கலே. இண்டியன் ஸ்டோர்ல அரிசி மூட்டை எடுத்தா 20 பவுண்டுன்னு மேலயே போட்டுருக்கும், யாரு வித்தாலும் 20 பவுண்டுதான். பைன் ஸ்ட்ராவுக்கு அந்தப் பேச்சே கிடையாது. பெட்டியில கையால அமுக்கிக் கட்டுன சதுர பேல் கிட்டத்தட்ட 14 இன்ச் அகலம், 14 இன்ச் உயரம், 28 இன்ச் நீளம் இருக்கும், மெஷின்ல கட்டுறதுல சின்னதும் உண்டு, உருளை மாதிரி சுருட்டுன ரோலும் உண்டு, அது ஒண்ணே ரெண்டு மூணு பேலுக்கு சமமா வரும். ஒரே சைஸ்ல ரெண்டு பேல் எடுத்தாலும் ஒண்ணு இறுக்கமா இருக்கும், இன்னொண்ணு கயித்தை அறுத்தா பொசுக்குன்னு போயிரும். அதனால "எத்தனை பேல்"ங்கிற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க, முதல்ல எத்தனை சதுர அடின்னு பாப்போம், அது மட்டும்தான் மாறாத நம்பர்.

டேப்பை எடுத்துட்டு வெளிய போங்க. உங்க முன்பாத்தி வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு போட்டோவுல தெரியுது, அதுக்குன்னு ஜியோமெட்ரி படிக்க வேணாம், நீளத்தை ஒரு தடவை அளந்துட்டு அகலத்தை மட்டும் சம இடைவெளியில அஞ்சு இடத்துல அளந்து சராசரி எடுங்க. நீங்க அனுப்புன அளவுல நீளம் 42 அடி, அகலம் 4, 7, 6, 8, 5, கூட்டுனா 30, அஞ்சால வகுத்தா 6. ஆக 42-ஐ 6-ஆல பெருக்குனா 252 சதுர அடி. பக்கவாட்டுல 26 அடிக்கு 4 அடி, அது 104. முன்னாடி ரெண்டு மரத்தைச் சுத்தி வட்டம், குறுக்களவு 6 அடி, அதுல பாதி 3, மூணு மூணு ஒம்போது, அதை 3.14-ஆல பெருக்குனா 28, ரெண்டு மரத்துக்கு 56. மெயில்பாக்ஸ் வட்டம் 4 அடி குறுக்களவுக்கு ஒரு 12. எல்லாம் சேர்ந்து முன்பக்கம் 424. பின்சரிவு 30 அடிக்கு 15 அடி, 450. அந்த 15 அடியைச் சரிவு மேலயே டேப்பை வச்சு அளந்தீங்களான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, நிறைய பேரு மேல நின்னுட்டு கண்ணால தட்டையா அளந்துட்டு அப்புறம் கீழ ரெண்டு அடி மொட்டையா நிக்குதுன்னு எழுதுவாங்க. மொத்தம் 874.

செடிங்க நிக்கிற இடத்தைக் கழிக்கணுமான்னு அடுத்து கேப்பீங்க. தரையோட ஒட்டிப் படர்ந்து அடியில ஸ்ட்ரா போடவே முடியாத ஜூனிபர் மாதிரி புதரு இருந்தா கழிங்க. மத்தபடி குச்சி குச்சியா நிக்கிற அசேலியா, ஹைட்ரேஞ்சியாவுக்கெல்லாம் கழிக்காதீங்க, அதுங்க அடியிலயும் போடத்தான் போறீங்க.

இப்போ லேண்ட்ஸ்கேப்காரர் கணக்குக்கு வாங்க. 874-ஐ 45-ஆல வகுத்தா ஒரு பேலுக்கு 19 சொச்சம் சதுர அடி. ஒண்ணு அவரு சின்ன பேல் வச்சுருக்காரு, இல்லன்னா பழசு கிடக்கிற இடத்துக்கும் முழு கனத்துக்குப் போடறதா கணக்கு போட்டுட்டாரு, ரெண்டும் நடக்குறதுதான், பேல் என்ன சைஸுன்னு கேட்டாலே தெரிஞ்சுரும். கடை அட்டை 50-ன்னு சொல்லுதே அது எத்தனை இன்ச் கனத்துக்குன்னு பாருங்க, நான் பாத்த அட்டையில பாதிக்கு மேல அதைப் போடறதே இல்ல. ரெண்டு இன்ச் தூவுனா 50 என்ன 60-ம் மூடும், ரெண்டு மாசத்துல களை அதுக்குள்ள இருந்து எட்டிப் பாக்கும்.

கனம் எவ்ளோ வேணும்னா, அமுங்குனதுக்கு அப்புறம் 3 இன்ச் நிக்கணும். ஸ்ட்ரா விரிச்ச அன்னைக்கு புஸ்ஸுன்னு இருக்கும், நாலு மழை பாத்தா படுத்துரும், அதனால முதல் நாள் 5 இன்ச் வர்ற மாதிரி போடணும். நடுவிரலை நட்டு வச்சா விரல் முழுசா முங்கி அதுக்கு மேலயும் கொஞ்சம் இருக்கணும், இதுதான் எங்க வீட்டு ஸ்கேல்.

நான் எப்பவும் சொல்ற வழி ஒண்ணு இருக்கு, யாரு கேட்டாலும் இதையேதான் சொல்றேன்: முதல்ல ரெண்டே ரெண்டு பேல் வாங்கிட்டு வாங்க. மொட்டையா கிடக்குற சரிவுல கயித்தை அறுத்து, கட்டியா வைக்காம உதறி உதறி, 5 இன்ச்சுக்கு விரிங்க. முடிஞ்சதும் மூடுன இடத்தை மட்டும் அளங்க. 12 அடிக்கு 6 அடி வந்துச்சுன்னு வைங்க, 72, அப்போ அந்தக் கடை பேல், உங்க கை, உங்க கனம் எல்லாம் சேர்ந்து ஒரு பேலுக்கு 36 சதுர அடி. இதை விட நம்பகமான நம்பர் எந்த அட்டையிலயும் கிடைக்காது, போட்ட ரெண்டு பேலும் வீணும் இல்ல. பெட்டி சைஸ் பேல்னா பெரும்பாலும் 35-லருந்து 45-க்குள்ள வந்து நிக்கும்.

அந்த 36-ஐ வச்சுப் போட்டா, சரிவு 450-க்கு பன்னெண்டரை, 13 பேல். முன்பக்கம் பழசு ஒண்ணரை இன்ச் இன்னும் உசிரோட இருந்தா பாதி போதும், ஒரு பேல் 72 சதுர அடி ஓடும், 424-க்கு 6 பேல். ஆக 19. இதுக்கு மேல ரெண்டு சேத்து 21 வாங்குங்க, ஏன்னா ஓரம் இருக்கு. பாத்தி ஓரத்துல மண்வெட்டியால ஒரு சின்ன பள்ளம் கீறி ஸ்ட்ராவை மடிச்சு உள்ள சொருகி உருண்டையா காட்டுவாங்க பாருங்க, பாக்க அழகா இருக்கும், ஹெச்ஓஏவும் வாயைத் திறக்காது, ஆனா அந்த மடிப்பு தனியா ஸ்ட்ரா தின்னும். நீளமா வளைஞ்ச பாத்தின்னா கணக்குல துண்டு விழுறது எப்பவும் அங்கதான். மிச்சம் ஒரு பேல் நின்னா கராஜ்ல காய்ஞ்ச இடத்துல போட்டு வைங்க, மாசக்கணக்குல கெடாது, வீட்டுச் சுவருல மட்டும் சாத்தி வைக்காதீங்க.

முன்பாத்தியில பழசு மக்கி கருப்பாகி ஒட்டிப்போயிருந்தா அதைக் கணக்குல சேக்காதீங்க, முழு கனம்தான், அப்போ முன்பக்கத்துக்கு மட்டும் 12 ஆகி மொத்தம் 25-ஐத் தாண்டிரும். கிளறிப் பாக்காம கடைக்குப் போகாதீங்க.

சரிவுக்கு ஸ்ட்ரா போடறது நல்ல யோசனை. ஊசி ஊசியா ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கும், மரப்பட்டை மாதிரி மழையில மெதந்து ஓடாது, ஜார்ஜியா செம்மண்ணு அடி வாங்காம இருக்கும். ஊர்ல கரும்புத் தோகையும் தென்னோலையும் போட்டு மூடாக்கு போடுவாங்கல்ல, அதே வேலைதான். ஒரு விஷயம், வேன்ல ஏத்துறதா இருந்தா முதல்ல பழைய பெட்ஷீட் விரிங்க, நான் ஒரு மார்ச்ல 12 பேல் ஏத்துனேன், தீபாவளிக்குப் போட்ட பட்டுப்புடவையில ஊசி குத்துச்சு.

கேள்வி: சவுத் கரோலினா கிரீன்வில்ல இருக்கோம். கடையில பைன் ஸ்ட்ராவுல லாங்லீஃப் பைன்னு ஒண்ணு, ஸ்லாஷ் பைன்னு ஒண்ணு, லாங்லீஃப் விலை ஜாஸ்தி. எது வாங்குனா பேல் கம்மியா ஆகும்?

பதில்: அளவுல பெரிய வித்தியாசம் வராதுங்க, வித்தியாசம் அடுத்த வருஷம்தான் தெரியும். லாங்லீஃப் ஊசி ஒரு அடிக்கு மேல கூட வளரும், நல்லா பின்னிக்கும், அந்த செம்பழுப்பு நிறமும் ரொம்ப நாள் நிக்கும். ஸ்லாஷ் ஊசி குட்டை, சீக்கிரம் வெளுத்து அமுங்கிரும். ரோட்டைப் பாத்த பாத்திக்கு லாங்லீஃப், பின்னாடி வேலி ஓரத்துக்கு ஸ்லாஷ்னு பிரிச்சு வாங்குனா காசு மிச்சம், நான் அப்படித்தான் செய்யறேன். பேல் விலையை மட்டும் ஒப்பிடாதீங்க, மேல சொன்ன மாதிரி விரிச்சு அளந்துட்டு ஒரு சதுர அடிக்கு எவ்ளோன்னு பாருங்க. லாங்லீஃப் விலை ஏன் ஜாஸ்தின்னா அந்தக் காடே சுருங்கிப்போச்சு, ஒரு காலத்துல வர்ஜீனியாவுலருந்து டெக்ஸஸ் வரைக்கும் கிட்டத்தட்ட 9 கோடி ஏக்கர் நின்ன மரம், இன்னைக்கு அதுல ஒரு சின்ன துண்டுதான். மரத்தை வெட்டாமலே வருமானம் வருதுன்னு ஊசியை வாரி விக்கிறாங்க நிலத்துக்காரங்க.

கேள்வி: நார்த் கரோலினா கேரியில டவுன்ஹோம். முன்னாடி 18 அடிக்கு 5 அடி பாத்தி. எத்தனை பேல் வாங்கணும்?

பதில்: 90 சதுர அடி, மூணு பேல், அவ்ளோதான் கணக்கு. ஆனா பொறுங்க, வாங்காதீங்க. காஞ்ச பைன் ஸ்ட்ரா ஒரு சிகரெட் துண்டுக்கே குபுக்குன்னு பத்திக்கும், அதனால நார்த் கரோலினாவுல தீப்பிடிக்கிற சுவர் இருக்கிற கட்டடத்துலருந்து 10 அடிக்குள்ள அதைப் போடக்கூடாதுன்னு ஃபயர் கோட்லயே வச்சுருக்காங்க. தனி வீட்டுக்கு விலக்கு இருக்கு. உங்களது வரிசையா ஒட்டுன வீடு, ஒண்ணு பத்துனா அடுத்தது பத்தும், ஊரு ஃபயர் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. வேணாம்னு சொன்னா மரப்பட்டை மல்ச், அதுவும் எரியாதுன்னு இல்ல, மெதுவா கனியும், இப்படிச் சட்டுன்னு பிடிக்காது. அதுக்கு கணக்கு சுலபம், ஏன்னா மூட்டையில கன அடி போட்டுருக்கும்: 2 கன அடி மூட்டை 3 இன்ச் கனத்துக்கு 8 சதுர அடி மூடும், 90-ஐ 8-ஆல வகுத்தா பதினொண்ணேகால், 12 மூட்டை. லாரியில யார்டு கணக்குல வாங்குறவங்களுக்கு ஒரு கியூபிக் யார்டு 108 சதுர அடி. மூட்டை ஈரமா இருந்தா தூக்குறதுக்கு ரெண்டு ஆள் வச்சுக்கோங்க, ஸ்ட்ரா பேலை ஒத்தைக் கையில தூக்குன பழக்கத்துல போயி இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க.

கேள்வி: பைன் ஊசி போட்டா மண்ணு புளிச்சுரும்னு சொல்றாங்களே, என் மல்லிச்செடி செத்துருமா?

பதில்: சாகாது. பச்சை ஊசியில அமிலம் இருக்கிறது நிஜம்தான், ஆனா மேல கிடந்து மக்குற காஞ்ச ஊசி அடிமண்ணோட பிஹெச்-ஐ சொல்லிக்கிற மாதிரி மாத்துறதில்ல. மல்லிச்செடியைக் கொல்லப்போறது ஜார்ஜியா ஜனவரி, அதைத் தொட்டியோட உள்ள எடுத்து வைங்க. எந்தச் செடியா இருந்தாலும் தண்டை ஒட்டிக் குமிக்காம ரெண்டு மூணு இன்ச் விட்டுப் போடுங்க.

கேள்வி: எங்க வீட்லயே மூணு பெரிய பைன் மரம் இருக்கு, அக்டோபர்ல கொட்டுற கொட்டுக்கு புல்லே தெரியாது. இதையே வாரிப் போட்டா ஆகாதா?

பதில்: தாராளமா போடுங்க, காசு கொடுத்து எதுக்கு வாங்குறீங்க. அட்லாண்டா பக்கத்து வீடுகள்ல பெரும்பாலும் லோப்லாலி மரம்தான், ஊசி கொஞ்சம் குட்டை, கடை சரக்கு மாதிரி ஒரே நிறமா இருக்காது, பாத்திக்கு அது போதும். வாரி ஒரு பெரிய தார்பாயில குமிச்சு இழுத்துட்டுப் போய் ஒரு தடவை விரிச்சு அளங்க, ஒரு தார்பாய்க்கு எத்தனை சதுர அடின்னு தெரிஞ்சுரும், குறையுற இடத்துக்கு மட்டும் பேல் வாங்கிக்கலாம். பைன் காயும் ஸ்வீட்கம் மரத்துக் காய் உருண்டையும் கூடவே வரும், பொறுக்குறதுக்குப் பிள்ளைங்களை இறக்கிவிடலாம், ஆனா கையுறை போட்டுவிடுங்க, முதல்ல நீங்க ரேக்கால தட்டிப் பாத்துட்டு. காப்பர்ஹெட் பாம்பு அதே நிறத்துல அசையாம சுருண்டு கிடக்கும், நான் ஒண்ணைக் காஞ்ச இலைன்னு நெனச்சுக் குனிஞ்சுட்டேன்.