விதவை மறுமணம் பற்றிய பழைய இந்திப் படங்களில் எதைப் பார்க்கலாம்?

‘பிரேம் ரோக்’ பார்த்துவிட்டேன், வேறு சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, அடுத்து ‘ஏக் சாதர் மைலி சி’ பாருங்கள். 1986-இல் வந்தது. இரண்டிலும் ரிஷி கபூர்தான். 1982-இல் வந்த ‘பிரேம் ரோக்’கில் விதவையைக் கட்டிக்கொள்ள ஊரையே எதிர்த்து நின்றவர், நாலே வருஷம் கழித்து, விதவையைக் கட்டிக்கொள் என்று ஊரே சொல்லும்போது ஓடப் பார்க்கிறார். அதற்காகவே அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

கதை பஞ்சாப் கிராமத்தில் நடக்கிறது. ராணோவாக ஹேமமாலினி. புருஷன் திலோகா குதிரை வண்டி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வந்து அடிப்பான். அவன் கொலையாகிவிட, பிள்ளைகளோடு நிற்கும் ராணோவுக்கு அந்த வீட்டில் இனி என்ன உரிமை என்ற கேள்வி வருகிறது. ஊர் கூடி ஒரு வழி சொல்கிறது: கொழுந்தன் மங்கலோடு ‘சாதர்’ போட்டுவிடலாம். இரண்டு பேரையும் உட்கார வைத்து, தலைக்கு மேல் ஒரே போர்வையைப் போர்த்தினால் கல்யாணம் முடிந்தது. ஆனால் அந்த மங்கலைச் சின்ன வயதிலிருந்து பிள்ளை மாதிரி வளர்த்தவளே ராணோதான்.

இது கதைக்காகக் கட்டியதில்லை. பஞ்சாப், ஹரியானா பக்கம் ஜாட் மாதிரியான விவசாயச் சாதிகளில் இருந்த பழக்கம். ‘கரேவா’ என்றும் சொல்வார்கள். விதவை வெளியே கல்யாணம் செய்துகொண்டு போனால் நிலத்தில் வில்லங்கம், வயலில் ஒரு ஆள் குறைவு. வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டால் இரண்டும் தங்கும். ‘விதவைக்கு மறுமணமா!’ என்ற அதிர்ச்சியெல்லாம் ‘பிரேம் ரோக்’கில் வரும் தாக்கூர், அதாவது உயர்சாதி நிலக்கிழார், வீட்டு அதிர்ச்சி. 1856-லேயே சட்டம் வந்தும் அந்த மாதிரி வீடுகள்தான் அசையவில்லை. ராணோவின் ஊரில் சிக்கலே வேறு. அங்கே மறுமணத்துக்குத் தடையில்லை, வேண்டாம் என்று சொல்லத்தான் வழியில்லை.

இதை நான் அம்மாவோடு பார்த்தேன். அவருக்கு இந்தி தெரியாது, வசனத்தை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘பிரேம் ரோக்’கில் விதவையாக வரும் பத்மினி கோலாப்பூரேக்காக முந்தானையால் கண்ணைத் துடைத்தவர், இதில் அழவே இல்லை. மங்கலை அடித்து இழுத்து வந்து போர்வைக்குள் தள்ளும் இடத்தில் மட்டும், “அவனாவது ஓடினான், இவ எங்கடா ஓடுவா?” என்றார். அப்புறம் படம் முடியும்வரை பேசவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஹேமமாலினி நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் அத்தனை வறுமைக்கு முகம் ரொம்பப் பளபளப்பு. பாட்டு வரும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். முடிவைச் சொல்லமாட்டேன்; கொலைகாரன் திரும்ப வருவான் என்பது வரைக்கும் சொல்லலாம்.

மூலம் ராஜிந்தர் சிங் பேடி உருதுவில் எழுதிய சின்ன நாவல். 1965-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அறுபதுகளிலேயே ‘ராணோ’ என்ற பெயரில் படமாக்கத் தொடங்கினார்கள், ராணோவாக நடித்தவர் கீதா பாலி. படம் முடிவதற்குள் பெரியம்மை கண்டு 1965 ஜனவரியில் இறந்துபோனார், படமும் அத்தோடு நின்றது. கீதா பாலியின் கணவர் ஷம்மி கபூர், ‘பிரேம் ரோக்’கில் பெரிய தாக்கூராக வருவாரே, அவர்தான்; ரிஷி கபூருக்குச் சித்தப்பா. அப்படிப் பார்த்தால், சித்தி நடித்து முடிக்காத கதையில்தான் இருபது வருஷம் கழித்து ரிஷி கபூர் மங்கலாக வந்திருக்கிறார். அதைப் பார்க்கப் பேடி இல்லை, 1984-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.