அமெரிக்காவில் இடுப்பில் கைத்துப்பாக்கி வெளியே தெரிய நடமாடுவது எப்படி இருக்கும்? யாருக்காவது நேரடி அனுபவம் உண்டா?

உண்டு. டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். 2021 அக்டோபரிலிருந்து 2023 மே வரை சனி, ஞாயிறுகளில் கடைகண்ணிக்குப் போகும்போது பெரும்பாலும் இடுப்பில் துப்பாக்கி இருக்கும். சட்டைக்கு வெளியே, எல்லோருக்கும் தெரிய. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர் அநேகமாக எம்.எஸ். படிக்க வரப்போகிறவர், அல்லது ஹெச்1பி-யில் இப்போதுதான் வந்து இறங்கியவர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் தம்பி, மேலே படிப்பதற்கு முன் ஒன்று. மாணவர் விசா, வேலை விசா இரண்டிலும் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் எடுத்தவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அதை நம்பி யூடியூப் வீடியோ போட்டவன் சொன்னான் என்று கிளம்பாதீர்கள். நண்பனின் துப்பாக்கியை வாங்கிப் பிடித்து போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பேச்சே. எனக்குப் 11 வருஷம் ஆனது. அதற்குப் பிறகு துப்பாக்கி வாங்க ஆன நேரம், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, பில் போட்டது எல்லாம் சேர்த்து 50 நிமிடம்.

கமெண்டில் சண்டைக்கு வருபவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உரிமைக்காகச் சண்டை போடும் சங்கத்தில் நான் உறுப்பினர் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக் கடலில் போடு என்கிற ஆளும் இல்லை. துப்பாக்கியைப் பார்த்தே வளர்ந்தவன். சத்தியமங்கலம் பக்கம் எங்கள் பெரியப்பாவிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் இருந்தது. காட்டுப்பன்றிக்காக வாங்கியது. வருஷத்தில் பாதி நாள் பரணில் கிடக்கும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். துப்பாக்கியை விட அந்த ரசீதைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்.

எனக்கு வாங்கத் தோன்றியது 2017-இல். கன்சாஸ் மாநிலம் ஒலாதேயில் ஒரு மதுக்கூடத்தில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. நம்மைப் போலவே இன்ஜினியர், வேலை முடிந்து நண்பரோடு உட்கார்ந்திருந்தவர். சுட்டவன் முதலில் என்ன விசா என்று கேட்டிருக்கிறான். அன்று ராத்திரி எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவரும் தூங்கவில்லை. கிரீன் கார்டு 2019-இல் வந்தது. இரண்டு வருஷம் தள்ளிப்போட்டு ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன், வீட்டுப் பாதுகாப்புக்கு என்று.

வீட்டில் இருக்க வேண்டியது ஏன் இடுப்புக்கு வந்தது? வெளியே சொன்ன காரணம் வெயில். சட்டைக்குள் மறைத்து வைத்தால் 40 டிகிரியில் அடிவயிறு வெந்து, தொப்பையில் குத்தும். உண்மைக் காரணம் அது இல்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒலாதேக்குப் பிறகு பார்க்கிங்கில் எவனாவது முறைத்தால் தலையைக் குனிந்துகொண்டு போகும் பழக்கம் வந்திருந்தது. அது போக வேண்டும் என்று இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டது அனுபவம்தானே.

இன்னொன்று, டெக்சஸ் என்றாலே காலங்காலமாக எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிந்தார்கள் என்று கௌபாய் படம் பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான். 1871-இல் கைத்துப்பாக்கி எடுத்து நடமாடத் தடை போட்ட மாநிலம் இது. மறைத்து எடுத்துப் போக 1990-களில்தான் உரிமம் கொடுத்தார்கள். வெளியே தெரிய எடுத்துப் போகலாம் என்றது 2016 ஜனவரி 1 முதல். 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவருக்கு உரிமமே வேண்டாம். நான் ஆனாலும் வகுப்புக்குப் போய் உரிமம் எடுத்தேன். 50 குண்டு சுட வேண்டும், 3, 7, 15 கஜ தூரத்தில். 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. 15 கஜம் கிட்டத்தட்ட ஒரு பேருந்தின் நீளம்தான். கார் ஓட்டும் லைசென்ஸுக்கு இதைவிடக் கஷ்டப்பட்டேன்.

சரி, எப்படி இருக்கும்? கனமாக இருக்கும். குண்டு நிரப்பினால் முக்கால் கிலோவுக்கு மேல். சாதாரண பெல்ட் ஒரு மணி நேரத்தில் தொங்கி, பேன்ட் ஒரு பக்கமாக இறங்கும். அதற்கென்று இரட்டைத் தோல் வைத்துத் தைத்த விறைப்பான பெல்ட் 70 டாலருக்கு வாங்கினேன். காரில் சீட் பெல்ட் மாட்டும் இடமும் துப்பாக்கி உறையும் ஒரே பக்கம், வலது இடுப்பு. ஒவ்வொரு முறையும் தடவித் தடவி மாட்ட வேண்டும். கைப்பிடி வைத்த நாற்காலியில் சரியாக உட்கார முடியாது. குழந்தையை இடது இடுப்பில் மட்டும்தான் தூக்க முடியும். கடைக் கழிவறைக்குப் போனால் அதை எங்கே வைப்பது என்பது தனி அத்தியாயம். கொக்கியில் மாட்டலாமா, தண்ணீர்த் தொட்டி மேல் வைக்கலாமா என்று யோசித்து, அங்கேயே மறந்துவிட்டு வந்தவர்கள் கதையை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் கீழே இறங்கிய பேன்ட்டோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீரம் எல்லாம் அங்கே தெரியும்.

முழங்கை ஒன்று தானாகக் காவலுக்கு நின்றுவிடும். கூட்டத்தில் வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்தில் துப்பாக்கி இல்லாத நாளிலும் அப்படித்தான் நடந்தேன். முதுகு டாக்டர் கேட்டார், ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறீர்கள் என்று.

ஊரே திரும்பிப் பார்க்கும் என்று நினைப்பீர்கள். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். முதல் நாள் பெட்ரோல் பங்கில் காசு கொடுக்க நிற்கும்போது எனக்குக் காதில் நெஞ்சு அடித்தது. கல்லாவில் இருந்த பையன் கேட்டது, "ரசீது வேணுமா?" அவ்வளவுதான்.

கடைகள் விஷயம் வேறு. 2019 ஆகஸ்டில் இதே டெக்சஸின் எல் பாசோ நகரத்தில், வால்மார்ட் கடையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 23 பேர் உயிர் போன பிறகு, அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களைத் துப்பாக்கி தெரிய உள்ளே வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. வேறு பல கடைகளும் அப்படித்தான். வாசலில் ஓர் அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் 30.07 என்ற சட்டப் பிரிவைப் போட்டு ஒட்டியிருந்தால் வெளியே தெரிய எடுத்துப் போகக்கூடாது. 30.06 என்றால் மறைத்து எடுத்துப் போகக்கூடாது. மதுக்கூடம் என்றால் சிவப்பில் 51 சதவீதம் என்ற பலகை, அதாவது வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருகிற இடம், அங்கேயும் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால் வாங்கப் போகிறவன் வாசலில் நின்று பொறியியல் நுழைவுத் தேர்வு மாதிரி வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கடையில் தானியங்கிக் கதவு திறந்தபடி இருந்ததால் அதில் ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். மேனேஜர் வந்து, மரியாதையாக, வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார். பலகையைத் தாண்டியதற்கு 200 டாலர் வரை அபராதம், வாய்விட்டுச் சொன்ன பிறகும் நின்றால் சிறைவரை போகும். நான் பால் வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறக்க முடியாதது டாக்கோ கடை வரிசை. நின்றுகொண்டு போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து ஒரு குரல், மெதுவாக, "சார், நான் இங்க வந்து நின்னு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க?" திரும்பினால் சீருடையில் போலீஸ்காரர். "இப்பதானே வந்தீங்க" என்றேன். "நாலு நிமிஷம்" என்றார். கண்ணாலேயே என் இடுப்பைக் காட்டினார். அவர் கைக்கும் என் துப்பாக்கிக்கும் ஒரு சாண் இடைவெளி. என் உறையில் பூட்டு கிடையாது, இழுத்தால் வந்துவிடும். அவருடையதில் கட்டைவிரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால்தான் வரும், அதை எனக்குத் தட்டிக் காட்டினார். உரிமம் கேட்கவில்லை, திட்டவில்லை. தன் டாக்கோவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாதுகாப்புக்கு என்று நான் கட்டிக்கொண்டு திரிந்ததை எவன் வேண்டுமானாலும் எடுத்து என்னையே சுட்டிருக்கலாம். அன்றைக்குத்தான் பூட்டு வைத்த உறை ஆர்டர் போட்டேன்.

அடுத்தது இந்தியக் கடை. வெண்டைக்காய்க் கூடையிடம் நிற்கிறேன். 65 வயது இருக்கும் ஓர் அம்மா, கண்டாங்கிச் சேலை, மேலே மகளுடைய ஜெர்கின். என் இடுப்பையே பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, நீங்க போலீசுங்களா?" கோபிப் பக்கத்துப் பேச்சு, எனக்கு உயிரே குளிர்ந்துபோனது.

"இல்லீங்கம்மா, கம்ப்யூட்டர் வேலைங்க."

"அப்பறம் இது எதுக்குங்க?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்குங்கம்மா."

கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்பளம், ஊறுகாய், வாழைப்பூ. "இங்கீங்களா?" என்றார். பிறகு, "சரி, அந்த அரிசிச் சிப்பத்தை எடுத்து வண்டில வைங்க தம்பி. பாத்து, வெடிச்சுரப் போகுது." குனிந்து தூக்கினேன். துப்பாக்கியின் பிடி விலாவில் குத்தியது. அதற்குள் மகள் ஓடிவந்து, சிரித்த முகத்தோடே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தமிழ்ப் பள்ளியில் அவர் பையனும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. அந்த மாதம் அந்தப் பையன் பிறந்த நாளுக்கு வகுப்பில் எல்லோருக்கும் அழைப்பு போனது, எங்களுக்கு வரவில்லை. பாப்பா கேட்டாள். அழைப்பிதழ் தொலைந்திருக்கும் என்று சொன்னேன்.

வெண்டைக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது, சொல்லாமல் விட மனசில்லை. அந்தக் கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்துவிட்டு ஒடித்ததைத் திரும்பக் கூடையிலேயே போடுகிறார்கள். முற்றலா பிஞ்சா என்று தொட்டாலே தெரியாதா? இரண்டு லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறவர் எட்டு வெண்டைக்காயை ஒடித்து நாலை எடுத்துப் போகிறார். வேலை முடிந்து ஏழு மணிக்குப் போகிறவனுக்கு நுனி கறுத்த குப்பைதான் மிச்சம். அமெரிக்கக் கடையில் போய் ஆப்பிளைக் கடித்துப் பார்த்துவிட்டு வைப்பார்களா? என் இடுப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் பாதிப்பேர் இந்தக் கோஷ்டி. சரி, விடுங்கள்.

நிறுத்தியது ஏன் என்றேன் அல்லவா. 2023 மே 6, சனிக்கிழமை, ஆலன் அவுட்லெட் மாலில் துப்பாக்கிச்சூடு. எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் ஹைதராபாத்திலிருந்து வந்த இளம் பொறியாளர். முந்தைய மாதம் பாப்பாவுக்கு ஷூ வாங்க நாங்கள் அங்கே போயிருந்தோம். வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர் சத்தம் வந்த பக்கம் ஓடி, சுட்டவனைத் தனி ஆளாகச் சுட்டு வீழ்த்தினார்.

வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி எழுதினான், "அண்ணா, நீங்க அங்க இருந்திருந்தா அவனை முடிச்சிருப்பீங்க." எனக்கு உள்ளே ஜில்லென்று பெருமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை. மனைவியிடம் காட்டினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள், "ஏனுங்க, அந்தப் போலீஸ்காரர் ஓடி வர்றப்ப நீங்களும் கையில அதை வெச்சுக்கிட்டு நின்னா, அவரு உங்களை யாருன்னு நினைப்பாரு?"

அவள் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 2016 ஜூலையில் டாலஸ் ஊர்வலத்தில் ஐந்து போலீஸ்காரர்கள் கொல்லப்பட்ட இரவு, சட்டப்படி தோளில் ரைஃபிள் மாட்டி வந்த ஒரு கறுப்பினத்தவரின் போட்டோவைச் சந்தேக நபர் என்று போலீசே வெளியிட்டது. அவர் தன் துப்பாக்கியைப் போலீசிடம் ஒப்படைத்து, விசாரணைக்கும் உட்கார்ந்து, அதன் பிறகுதான் சம்பந்தமில்லை என்று விட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானே போலீசிடம் சொன்னவர், உரிமமும் வைத்திருந்தவர், காரில் சீட்டில் உட்கார்ந்தபடியே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட போலீஸ்காரர் விடுதலையானார். இதையெல்லாம் நான் படித்துத்தான் இருந்தேன். வகுப்பில்கூடப் பேசினோம். ஆனால் அதில் வருகிற ஆள் நானாக இருக்கலாம் என்று தோன்ற, அடுப்படியிலிருந்து ஒருத்தி கேட்க வேண்டியிருந்தது. இங்கே வெள்ளைக்கார நண்பர்கள் பலர் இன்னும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

துப்பாக்கி இப்போது படுக்கையறை அலமாரியில், விரல்ரேகைப் பெட்டிக்குள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுடும் பயிற்சி இடத்துக்கு எடுத்துப்போய்ச் சுட்டு, துடைத்து வைக்கிறேன். உறையைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். அந்த 70 டாலர் பெல்ட்டை மட்டும் தினமும் ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். நல்ல பெல்ட், பேன்ட் இம்மி இறங்குவதில்லை.