வாசகர் கேள்வி – பதில்: அதிகம் அறியப்படாத மெட்டல் குழுக்களும் அவற்றின் பாடல் வரிகளும்

சென்ற இதழில், கனத்த கிடார் ஒலி கொண்ட ராக் இசையான ஹெவி மெட்டல் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து சேலம் மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் அவர்களுக்கே.

மெட்டாலிகா, அயர்ன் மெய்டன் இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இசைச் செயலியில் தேடினால் சுற்றிச் சுற்றி அவையே வருகின்றன. வெளியே தெரியாத குழுக்களை எப்படித் தேடிப் பிடிப்பது?
– பொறியியல் மாணவர், சூரமங்கலம்

நீங்கள் ஏற்கெனவே கேட்டதையும், உங்களைப் போன்றவர்கள் அதிகம் கேட்டதையும் வைத்தே செயலி அடுத்த பாட்டை எடுத்து வைக்கிறது. அதனிடம் புதியதை எதிர்பார்ப்பதில் பயனில்லை. 1980-களில் மெட்டல் ரசிகர்கள் கேசட்டுகளைத் தபாலில் அனுப்பிப் பரிமாறிக்கொண்டார்கள். இசைத்தட்டின் உறையில் ‘நன்றி’ என்ற தலைப்பின் கீழ்ப் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் மற்றக் குழுக்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடிப் போனார்கள். அந்த வழி இன்றும் பலிக்கும். 2002-இல் தொடங்கப்பட்ட என்சைக்ளோபீடியா மெட்டாலம் என்ற இணையக் களஞ்சியத்தில், ஒரு குழு எந்த நாட்டைச் சேர்ந்தது, எதைப் பற்றிப் பாடுகிறது, அதன் உறுப்பினர்கள் வேறு எந்தக் குழுக்களில் வாசித்தார்கள் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

நான் நாட்டையும் பாடுபொருளையும் வைத்துத்தான் தேடுவேன். ‘டெத்’, ‘டூம்’, ‘பிளாக்’ என்று மெட்டலின் உட்பிரிவுகளுக்கு ஒட்டப்படும் சீட்டுகள் ஒலி எப்படி இருக்கும் என்பதை ஓரளவு சொல்லும். பாட்டு எதைப் பற்றியது என்பதை அநேகமாகச் சொல்லாது. உங்களுக்குக் காப்பியங்களில் ஈடுபாடு உண்டென்றால், பின்லாந்தின் அமார்ஃபிஸ் குழு அந்நாட்டுக் காப்பியமான கலேவலாவை எடுத்தாண்டு 1994-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து தொடங்கலாம். மும்பையின் டெமானிக் ரெசரக்‌ஷன் 2017-இல் தசாவதாரத்தையே ஒரு முழுத் தொகுப்பாக்கியது. வரலாறு பிடிக்குமென்றால் தைவானின் சத்தோனிக்: ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக 1930-இல் சீடிக் பழங்குடியினர் நடத்திய எழுச்சியை 2005-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடிய குழு அது. அதன் பாடகர் ஃப்ரெடி லிம் 2016-இல் நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் பல, ரசிகர்கள் காதால் கேட்டு ஊகித்து எழுதியவை. குழுவே அச்சிட்ட வரிகள் கிடைத்தால் அவற்றையே நம்புங்கள்.

மொழியே புரியாத பாட்டில் வரிகளைத் தேடிப் படித்து என்ன ஆகப்போகிறது? ஒலியை ரசித்தால் போதாதா?
– காப்பித் தோட்ட அலுவலகப் பணியாளர், ஏற்காடு

போதும்தான், ஒலி பிடித்திருந்தால். ஆனால் அந்த ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி ஒருநாள் வரும். நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி குழுவை எடுத்துக்கொள்வோம். ஹென்றி, லூயிஸ் டி ஜாங் என்ற அண்ணன் தம்பியர் 2010-இல், பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிய குழு இது. அந்நாட்டுப் பூர்வகுடியினரான மாவோரிகளின் மொழிவழிப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் அம்மொழியிலேயே பல பாடல்களை எழுதினார்கள். ‘ரூ அனா தே ஃபெனுவா’ என்ற பாடல் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. முதலில் கேட்கும்போது கூட்டமாக எழும் முழக்கமும், தரையில் மிதிப்பது போன்ற முரசும், அதன்மேல் கனத்த கிடாரும் மட்டுமே காதில் விழும்.

வரிகளைத் தேடிப் போனால் 1864 ஏப்ரல் 29-இல் நடந்த கேட் பா போர் வருகிறது. ஏறத்தாழ 1,700 பிரித்தானியப் படையினருக்கு எதிரே மாவோரிகள் சுமார் 230 பேர். பகல் முழுவதும் பீரங்கிகள் மாவோரிகளின் சிறு அரணைத் தாக்கின. உள்ளே இருந்தவர்களோ தரைக்கடியில் வெட்டிய பதுங்கு குழிகளில் இருந்தபடி குண்டுமழையைத் தாங்கிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தது என்று எண்ணி உள்ளே பாய்ந்த படை, மிக அருகிலிருந்து சுடப்பட்டுச் சிதறி ஓடியது. அந்தப் போரில் இந்தச் சகோதரர்களின் முன்னோர் ஒருவர் போரிட்டு மடிந்திருக்கிறார். இவ்வளவும் தெரிந்த பிறகு மறுபடி கேட்டுப் பாருங்கள். அந்த முரசை அலங்காரம் என்று சொல்ல மனம் வராது. அதே குழுவின் ‘ரௌபாட்டு’ என்ற பாடல், மாவோரி நிலங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது. ஒரு சட்டத்தின் மீது கோபித்துக்கொண்டு இவ்வளவு நல்ல பாட்டு எழுத முடியும் என்பதே எனக்கு வியப்பு. சேர்வராயன் மலையில் நில உரிமைக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் உள்ள பழைய கணக்கு வழக்குகளை அறிந்த உங்களுக்கு இது அன்னியமாக இராது.

என் மகன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் பாட்டுகளில் யாரோ கழுத்தை நெரிப்பது போல உறுமுகிறார்கள். இப்போது அவனும் அப்படிப் பாடிப் பழகுகிறான். தொண்டை கெட்டுவிடாதா?
– தந்தை, அம்மாபேட்டை

கற்றுக்கொண்டு செய்தால் பெரும்பாலும் கெடாது. வெறுமனே கத்தினால் கெடும். நாம் பேசும்போது அதிரும் குரல் நாண்களுக்குச் சற்று மேலே, போலிக் குரல் நாண்கள் எனப்படும் இரு மடிப்புகள் இருக்கின்றன. தேர்ந்த பாடகர்கள் வயிற்றிலிருந்து சீராக மூச்சைச் செலுத்தி அந்த மடிப்புகளை அதிரவைத்தே அந்த உறுமலைப் பெறுகிறார்கள். நம் மாவட்டத்துத் தெருக்கூத்துக் கலைஞர் விடிய விடியக் குரல் உடையாமல் பாடுவது எப்படிப் பயிற்சியால் வருகிறதோ, அதே கதைதான். பாடும்போது வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரங்களாகியும் தீராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய அம்மாபேட்டைக்காரர் இந்த ஒலிக்கு அஞ்சலாமா?

என் தாத்தா வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பேய், பிசாசு, சாவு இவற்றை விட்டால் மெட்டல் பாடல்களில் உழைப்பாளிகளுக்கு இடமே இல்லையா?
– வாசகர், கருப்பூர்

உண்டு. அமெரிக்காவின் பனாப்டிகான் என்பது ஆஸ்டின் லன் என்ற ஒரே மனிதரின் குழு. 2012-இல் அவர் வெளியிட்ட ‘கென்டக்கி’ தொகுப்பு அந்த மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது. பிளாக் மெட்டலின் சீற்றத்துக்கு இடையே பாஞ்சோ என்ற நாட்டுப்புறத் தந்திக் கருவி ஒலிக்கும். தொழிலாளர்களின் பேச்சுப் பதிவுகளும் வரும். இரண்டு பழைய தொழிற்சங்கப் பாடல்களையும் அவர் அப்படியே எடுத்துப் பாடியிருக்கிறார். அவற்றில் ஒன்று 1931-இல் ஹார்லன் மாவட்டத்தில் ஃபுளோரன்ஸ் ரீஸ் என்ற பெண் எழுதியது. அவருடைய கணவர் தொழிற்சங்க அமைப்பாளர். அவரைத் தேடி ஷெரிஃப் எனப்படும் உள்ளூர்க் காவல் தலைவரின் ஆட்கள் வீடு புகுந்து சோதனையிட்ட பிறகு, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ரீஸ் எழுதிய பாட்டு அது. ‘நீ எந்தப் பக்கம்?’ என்பதுதான் அதன் கேள்வி.

இந்தத் தொகுப்பை முழுதாக, வரிசை மாற்றாமல் கேளுங்கள். நடுவே ஒரு பாட்டை மட்டும் எடுத்துக் கேட்டால் பாதி வெறும் இரைச்சலாகவும் மீதி வெறும் நாட்டுப்புறப் பாட்டாகவும் படும். ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடும் இடத்தில்தான் பொருள் இருக்கிறது. மெட்டல் இசையே தொழிற்சாலை ஊரில் பிறந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். பர்மிங்காமின் பிளாக் சப்பாத் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தபோது வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தவேண்டிய கை அதுதான். உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். பிற்பாடு தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்கள் மட்டுமே உள்ள மெட்டல் குழு ஏதாவது?
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

இந்தோனேசியாவின் வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட். மேற்கு ஜாவாவின் காருட் பகுதியைச் சேர்ந்த, ஹிஜாப் அணிந்த மூன்று பெண்கள். 2014-இல் பள்ளியில் படிக்கும்போது ஒன்றுசேர்ந்து தொடங்கினார்கள். 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா மேடை வரை சென்றார்கள். ‘பெண்ணுடல் பொதுச் சொத்தல்ல’ என்று பாடும் அவர்களின் 2022-ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து தொடங்குங்கள்.

இசை அருமை, ஆனால் வரிகளோ பாடியவரோ மோசம் என்றால் என்ன செய்வது?
– வாசகர், அஸ்தம்பட்டி

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். லிவர்பூலின் கார்கஸ் குழு மருத்துவ நூல் சொற்களை அடுக்கிப் பிணவறைக் காட்சிகளாகவே எழுதியது. அது குமட்டலாம், ஆனால் யாருக்கும் தீங்கு எண்ணுவதில்லை. நார்வேயின் கதை வேறு. 1992-இல் அங்கே பிளாக் மெட்டல் வட்டத்தைச் சேர்ந்த சிலரால் பழமையான மரத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. 1993-இல் மேஹெம் குழுவின் கிடார் கலைஞர் கொலையுண்டார். கொன்றவரான, பர்சம் என்ற மற்றொரு குழுவின் இசைஞருக்கு 1994-இல் 21 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இன வெறுப்பைப் பரப்புவதற்காகவே பாடும் சில குழுக்களும் உள்ளன. அறியப்படாத குழுவைத் தேடுகிறவர் கால் இடறுவது இங்கேதான். அதனால்தான் வரிகளைப் படியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெறுப்பைப் பாடுகிறவருக்கு நான் காசு கொடுப்பதில்லை.

நாங்கள் நான்கு பேர் ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். தமிழில் எழுதினால் உறுமலில் சொற்கள் சிதைந்துவிடுகின்றன. எதைப் பற்றி எழுதுவது என்பதும் பிடிபடவில்லை.
– வாசகர், மேட்டூர்

சிங்கப்பூரில் இந்திய வம்சாவளியினர் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழுவைக் கேளுங்கள். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவர்களின் மூன்று ‘பிரம்மவித்யா’ தொகுப்புகளில் வேதாந்தக் கருத்துகளை ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் உறுமியிருக்கிறார்கள். அந்தக் குரலில் எந்தச் சொற்கள் தெளிவாக விழுகின்றன என்று கவனியுங்கள். தமிழில் வல்லினத்துக்குப் பஞ்சமில்லை. ‘வெட்டு’, ‘கற்பாறை’, ‘பற்று’ போல வல்லினம் அடுத்தடுத்து வரும் சொற்கள் உறுமலில் நிற்கும், ‘மெல்ல’, ‘நிழல்’ போன்றவை கரைந்துபோகும். நீண்ட வாக்கியங்களைப் பிரித்து, முரசடிக்கு ஒரு சொல் என்று வைத்துப் பாருங்கள். மென்மையான வரிகளை இயல்பான குரலிலேயே பாடிவிடலாம்.

பொருளுக்கு நீங்கள் ஊரைவிட்டு வெளியே போகவேண்டியதே இல்லை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபோது நீருக்குள் போன ஊர்களின் கதை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நீர்மட்டம் இறங்கும் கோடைகளில் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரங்களும் தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்களிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களின் முதியவர்களிடம் பேசிவிட்டு எழுதுங்கள். பாட்டைப் பதிவு செய்து வெளியிடும்போது வரிகளை நீங்களே அச்சிட்டுக் கூடவே கொடுத்துவிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால், பிடிக்காத வரி எது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.