எண்ணெயோடு பணமும் தருகிறார்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். நடுவில் ஒரு வருஷம் ஊரில் இருந்தது போக, பத்து வருஷமாக ஓமனில் இருக்கிறேன். பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஆட்களுக்குச் சாப்பாடு போடுகிற கேம்பில் ஸ்டோர் கீப்பர் வேலை.

2020 ஊரடங்கில் நீங்கள் தினம் எழுதிய குறிப்புகளை அப்போதே ஒன்றுவிடாமல் படித்தவன் நான். போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது மறுபடியும் படித்தேன். மதினி தையல் கத்தரியால் உங்களுக்கு முடி வெட்டிவிட்டதெல்லாம் இப்போதும் சிரிப்பு. ஆனால் ஏப்ரல் 21ஆம் தேதி, 'அமெரிக்காவில் எண்ணெய் வாங்கினால் கூடவே பணமும் தருகிறார்களாம், ஊரடங்கு முடிந்ததும் ஆளுக்கொரு டிரம்மோடு கிளம்பலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணாச்சி, அந்த வாரம்தான் எங்கள் கம்பெனியில் பதினோரு பேருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். கிணறு தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள், ஆள் இல்லை, அப்புறம் சாப்பாடு யாருக்கு? அதில் நானும் ஒருவன். சம்பளமும் இல்லை, ஊருக்குப் போக விமானமும் இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு உங்கள் குறிப்பைப் படித்தேன். பக்கத்துக் கட்டில் திருச்சிக்காரர் 'என்னய்யா சிரிக்கிற?' என்று கேட்டார். ஆமாம், நான் சிரித்துவிட்டேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

குற்றம் சொல்ல எழுதவில்லை. ஸ்வீடன், நியூசிலாந்து, சீனா, டிரம்ப் என்று எழுதியதெல்லாம் உறுதியாகத் தெரிந்துதான் எழுதினீர்களா? இப்போது வாசித்தால் என்ன தோன்றுகிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் போலீஸ் பிடியில் ஒரு கறுப்பின மனிதர் செத்ததற்கு நாலு நாள் எழுதினீர்கள். அடுத்த மாசமே எங்கள் பக்கம் சாத்தான்குளம். அதற்கு ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் இரண்டு கேள்விக்கும் அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். மூன்றாவதற்குத்தான் இத்தனை நாள்.

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க் சந்தையில், மே மாதம் கைமாற வேண்டிய அமெரிக்க எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலர் என்று முடிந்தது. நமக்கு மறுநாள் காலைச் செய்தி. மைனஸ் என்றதும் எனக்குக் கை நமநமத்தது. விஷயம் என்னவென்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அந்த ஒப்பந்தத்துக்கு மறுநாளோடு கெடு. கெடு முடிந்தும் கையில் வைத்திருப்பவர், ஓக்லஹோமா மாநிலத்தில் குஷிங் என்ற ஊரில் எண்ணெயை எண்ணெயாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். வைத்திருந்தவர்களில் பலர் பீப்பாயைக் கண்ணால் கண்டிராத காகித வியாபாரிகள். உலகமே வீட்டுக்குள் இருந்ததால் எண்ணெய் எரிக்க ஆளில்லை. குஷிங்கில் இருந்த தொட்டிகள் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டன, மிச்சம் இருந்ததற்கும் ஏற்கெனவே ஆள் பேசிவைத்திருந்தது. ஒட்டன்சத்திரத்தில் விலை விழுந்த நாளில் தக்காளியை வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுபோய் ரோட்டோரம் கொட்டுவார்களே, அந்தக் கதைதான். தலைச்சுமை இறங்கினால் போதும் என்று கைக்காசு கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். மறுநாளே விலை பூஜ்யத்துக்கு மேலே ஏறிவிட்டது.

இதில் நமக்கு நேரடிச் சம்பந்தம் அநேகமாக ஒன்றுமில்லை. இந்தியா வாங்கும் எண்ணெய்க்கு விலை கணக்கிட எடுத்துக்கொள்வது ஓமன், துபாய் எண்ணெய்களின் சராசரியையும் வடகடலின் பிரெண்ட் விலையையும்தான். அதாவது உங்கள் கேம்பு இருக்கும் மண்ணிலிருந்து வருவதன் விலைதான் எங்கள் ஊர் பங்க் வரை வந்து சேர்கிறது. நான் குஷிங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் கட்டிலில் படுத்திருந்தீர்கள்.

அதே குறிப்பின் கடைசியில் 'மே மாதம் பாருங்கள், பெட்ரோல் 50 ரூபாய்க்கு வரும்' என்று ஜோசியமும் சொல்லியிருக்கிறேன். அந்த ஏப்ரலில் இந்தியா வாங்கிய எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்குப் பக்கத்தில் வந்தது உண்மை. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடங்களிலும் பாறையைக் குடைந்து வைத்திருக்கும் 53 லட்சம் டன் கொள்ளளவுள்ள சேமிப்புக் குகைகளை அரசு நிரப்பிக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மே 3ஆம் தேதி நம் மாநில அரசு வரியைக் கூட்ட, பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசு ஏறியது. மே 5 இரவு மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கூட்டியது. அது பங்க் போர்டில் தெரியவில்லை. கீழே இறங்கியிருக்க வேண்டிய விலையை நடுவிலேயே விழுங்கிவிட்டது. ஜூன் 7இலிருந்து தினம் காசு காசாக ஏற ஆரம்பித்தது. அந்த 3 ரூபாய் 25 காசு தவிர, வண்டி ஓடாத நாளில் விலை அசையவில்லை, வண்டி ஓடத் தொடங்கியதும் விலையும் ஓடியது. 50 ரூபாய் ஜோசியத்தைப் பற்றி நீங்கள் கடிதத்தில் எதுவும் சொல்லவில்லை. பெருந்தன்மை.

உறுதியாகத் தெரிந்துதான் எழுதினீர்களா என்கிறீர்கள். இல்லை.

ஸ்வீடனைப் பற்றி மூன்று முறை எழுதியிருக்கிறேன், மூன்றும் மூன்று திசை. ஏப்ரலில், 'அடைக்காமலே சமாளிக்கிறார்கள், ஆண்டர்ஸ் டெக்னெல் மாதிரி ஓர் அதிகாரி நமக்கு வாய்க்கவில்லையே.' ஜூனில், நார்வே, பின்லாந்தைவிட அங்கே பல மடங்கு சாவு, அதிலும் முதியோர் இல்லங்களில் என்று தெரிந்ததும், 'இது ஆணவத்தின் விலை.' டிசம்பரில் அந்நாட்டு மன்னரே நாம் தோற்றுவிட்டோம் என்று சொன்னபோது, 'நான் அப்போதே சொன்னேன்.' அப்புறம் சில வருஷக் கணக்கைச் சேர்த்துப் போட்டு, வழக்கமாக நடக்கும் சாவைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால், ஐரோப்பாவில் குறைவாக இழந்த நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. நாலாவது குறிப்பு எழுதவில்லை. கூச்சம்.

நியூசிலாந்தில் அப்போது பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்னைப் பார்த்து நம்மவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஐம்பது லட்சம் பேர், சுற்றிலும் கடல். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் தெருவில் உட்கார்ந்துகொண்டு அதிலிருந்து என்னத்தைப் படிக்க? ஜூன் 29 அன்று 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது நான் வீராவேசமாக எழுதிய குறிப்பு, சீனாவில் செய்த போனில் தட்டச்சு செய்தது. அதை மனைவி அன்றைக்கே சொல்லிக் காட்டினாள்.

அவள் அந்த மாதங்களில் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்த கணக்கு இன்னும் அலமாரியில் இருக்கிறது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். 'தக்காளி வண்டி வரல. கேஸ் ரெண்டு நாள் லேட். அத்தைக்கு பிரஷர் மாத்திரை 14 இருக்கு. 9 மணிக்கு விளக்கு, எண்ணெய் கொஞ்சமாத்தான் ஊத்தணும்.' கடைசி வரி ஏப்ரல் 5, பிரதமர் விளக்கேற்றச் சொன்ன நாள். இதில் ஒன்றுகூடப் பொய்த்துப் போகவில்லை.

பிறகு நான் ஏன் எழுதினேன்? டீக்கடை மூடிக்கிடந்தது.

கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் தெருமுனை டீக்கடை அதற்கு முன் பூட்டிக்கிடந்தது கடைக்காரரின் அம்மா செத்த அன்று மட்டும்தான். காலை ஆறு மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்தால் ஏழுக்குள் பாகிஸ்தானிலிருந்து பஞ்சாயத்து போர்டு வரை ஒரு சுற்று முடிந்துவிடும். அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. 'புஷ் ஈராக்கப் பிடிச்சதே நம்ம கடலை எண்ணெய் விலைய ஏத்தத்தான்' என்று ஒருவர் ஆரம்பித்தால், 'ஆமாவே, உம்ம செக்க நிறுத்தணும்னு அவனுக்கு ஒரே லட்சியம்' என்று அடுத்தவர் முடித்துவைப்பார். டம்ளர் கழுவிய தண்ணீரோடு அந்தக் கருத்து சாக்கடைக்குப் போய்விடும். மார்ச் 25க்குப் பிறகு அந்தப் பேச்சுக்குப் போக்கிடம் இல்லை. அம்மாவிடம் சொன்னால் 'முருங்கக்கீரைய உருவிக்கிட்டே பேசுல' என்பாள். ஆகவே எழுதினேன். எழுதியதை மறுநாள் கழுவிவிட முடியாது என்பது அப்போது தோன்றவில்லை.

மே மாதம் பார்சலுக்கு மட்டும் என்று டீக்கடைகளைத் திறக்க விட்டார்கள். பெஞ்சைக் கவிழ்த்து வாசலுக்குக் குறுக்கே போட்டிருந்தார் கடைக்கார அண்ணாச்சி. தரையில் சுண்ணாம்பு வட்டங்கள். கவரில் டீயை ஊற்றி, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி, இரண்டு பேப்பர் கப்போடு கொடுப்பார். வாங்கியவன் போய்விட வேண்டும். ஒருவரும் போகவில்லை. ஏழெட்டுப் பேர் அவரவர் வட்டத்துக்குள், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, சூடான கவரைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு நிற்கிறோம். பேச்சு வரவில்லை. ஒன்றரை மாதம் விட்டுப்போனதை எங்கே பிடிப்பது? கடைசியில் ஓய்வுபெற்ற தபால்காரர்தான் தொடங்கினார். 'கிருமிநாசினிய ஊசியாப் போட முடியுமான்னு கேட்டாராம்லா டிரம்ப்?' அண்ணாச்சி பாய்லரிலிருந்து திரும்பாமலே சொன்னார்: 'புதுக்கோட்டப் பக்கம் மூணு பேரு ஷேவிங் லோசனக் குடிச்சிச் செத்தானுவ. அவனுவ யார்ட்டயும் கேக்கல.'

கடல்தொழில் பார்க்கிறவர்கள் அந்த மூன்று பேரும். சாராயக் கடை அடைத்திருந்த ஏப்ரல். யாரும் சிரிக்கவில்லை. கலைந்தோம். வீட்டுக்கு வந்து, ஆறிப்போன டீயைச் சுடவைத்துக் குடித்துவிட்டு நான் எழுதியது டிரம்பைப் பற்றி. அண்ணாச்சி சொன்னதை எழுதவில்லை. அது உலக விஷயமாகப் படவில்லை.

இனி மூன்றாவது கேள்வி.

மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தியது 8 நிமிடம் 46 விநாடி என்று எழுதினேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். பிறகு வழக்கில் அது 9 நிமிடம் 29 விநாடி என்று ஆனது. நாலு நாள் எழுதினேன், நல்ல வேகத்தோடு. நிறைய பேர் பாராட்டினார்கள். நாலு நாளும் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 19 சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே விசாரிக்கப் போன மகனையும் பிடித்துவைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன், 23 காலையில் அப்பா, கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். என் மைத்துனர் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். அந்த மாதம் அவரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேரம் தாண்டி வியாபாரம் பார்த்தவர்தான்.

23ஆம் தேதி சாயங்காலம் இரண்டு பத்தி எழுதினேன். மைத்துனருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'அத்தான், இதுல நம்ம ஊர் பேர் வருதா?' என்றார். வரவில்லை என்றேன். 'உங்க பேர் வருதுல்லா' என்றார்.

அந்த இரண்டு பத்தி போனிலேயே கிடந்தது. இரண்டு நாள் கழித்து அமெரிக்கத் தேர்தலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன்.

மினியாபொலிஸ் போலீஸ் என் வீட்டுக் கதவைத் தட்டாது. காரணம் அவ்வளவுதான், ச. பயம் என்று அப்போது எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. விசாரணை முடியட்டும், ஆதாரம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டேன். குஷிங்குக்கு நான் ஆதாரம் கேட்கவில்லை. ஸ்டாக்ஹோமுக்குக் கேட்கவில்லை. சாத்தான்குளத்துக்கு மட்டும் எனக்கு ஆதாரம் தேவைப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கைத் தானாகவே கையில் எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு அன்றிரவு தான் பார்த்ததைச் சொன்னார். அவருக்குக் கதவைத் தட்டக்கூடியவர்கள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார்கள். அவர் சொன்ன பிறகு, ஊரே எழுதிய பிறகு, என்னுடைய இரண்டு பத்தியை வெளியிட எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். இப்போதும் வெளியிடவில்லை, சுமாரான பத்திகள்தான்.

நீங்கள் சிரித்தது உறுத்துகிறது என்கிறீர்கள். சம்பளம் நின்று, விமானமும் இல்லாமல் கட்டிலில் கிடந்தவர் ஒரு நிமிஷம் சிரித்தால் அதில் உறுத்த என்ன இருக்கிறது? எழுதியவன் நான்.

ஏப்ரல் 21 குறிப்பை எடுக்கவில்லை. அதன் கீழே உங்கள் கடிதத்திலிருந்து நோட்டீஸ் பற்றிய பகுதியை அப்படியே சேர்த்திருக்கிறேன். கம்பெனிக்குத் தெரிந்தால் உங்களுக்குத் தொந்தரவு வரும் என்று தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன். இந்த விஷயத்தில் உங்கள் பயத்தைக் கேலி செய்கிற தகுதி எனக்கில்லை. பதினோரு பேரில் நீங்கள் திரும்பப் போய்விட்டீர்கள் என்று தெரிகிறது. மற்ற பத்துப் பேர்? அந்தத் திருச்சிக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்?

காய்ச்சல் விட்டுவிட்டதா?

அன்புடன்.