முகமூடியின் பின்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக மெக்சிகோவில் இருக்கிறேன். இங்கே ஒரு சந்தையில் புலி முகமூடி ஒன்று வாங்கினேன். மரத்தில் செய்தது. மஞ்சள் வண்ணம், கறுப்புப் புள்ளிகள், கண்ணாடிக் கண்கள், காட்டுப்பன்றி முடியில் மீசை. நூறு வருடப் பழசு, கெர்ரேரோ மாநிலத்தில் மழைச் சடங்கில் ஆடியது என்றார் கடைக்காரர். அலுவலக நண்பரோ "எல்லாம் டூரிஸ்டுக்குச் செய்தது" என்று சிரிக்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ம., கெரெத்தாரோ

அன்புள்ள ம.,

நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே முன்பக்கம். முகமூடியைத் திருப்பிப் பாருங்கள், விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில், ஆடுபவர் எதன் வழியாகப் பார்ப்பார்? கண்ணாடிக் கண்ணில் பார்வை போகாது. வாய்த் திறப்போ, கண்ணுக்குக் கீழே ஒரு கீற்றோ இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அது சுவரில் மாட்டச் செய்தது. அப்புறம் நெற்றியும் மூக்கும் தாடையும் படும் இடங்களைத் தடவிப் பாருங்கள். வியர்வை ஊறிய மரம் அங்கே மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கும். கயிறு கட்டும் துளையின் ஓரம் தேய்ந்திருக்கும். உள்பக்கம் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் புகையோ சாயமோ வேலை செய்திருக்கிறது.

இந்தத் தந்திரம் புதிதல்ல. 1970களில் அமெரிக்க சேகரிப்பாளர்கள் முகமூடி தேடி வந்தபோது கெர்ரேரோவில் பல்லியும் வௌவாலும் தவளையும் முகமெங்கும் ஊர்கிற பிரம்மாண்டமான முகமூடிகள் திடீரென்று 'கிடைக்க' ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொன்மையான நடனத்தின் கதை. எந்த ஊரிலும் யாரும் அப்படி ஆடியதில்லை. 1980இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு நூலிலேயே இவை நிறைய இடம்பிடித்துவிட்டன.

'நூறு வருடப் பழசு' என்பதையும் நான் நம்பமாட்டேன். முகமூடிக்கு அதிகம் பயன்படும் மரங்களில் ஒன்று நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தம். செதுக்க எளிது, எடை குறைவு, பூச்சிக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆடுகிறவர்களுக்கும் பழசின் மேல் பெரிய பக்தி கிடையாது. திருவிழா வந்தால் மறுபடி வண்ணம் அடிப்பார்கள், உடைந்தால் புதிது செய்வார்கள். பழசாக இருந்தால்தான் அசல் என்பது வாங்குகிறவர்களின் எண்ணம்.

கெர்ரேரோவில் உள்ள சிட்லாலா என்ற ஊரைப் பாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன், மே 5 அன்று, பேட்டைக்குப் பேட்டை ஆண்கள் புலிகளாக வந்து மோதுகிறார்கள். (ஊரார் புலி என்பது ஜாகுவாரை.) இது நடிப்புச் சண்டை இல்லை. முறுக்கி இறுக்கிய கயிற்றால் அடி விழுகிறது. அதனால் அங்கே முகமூடி மரத்தில் இல்லை. தடித்த தோலில், தலை முழுவதையும் மூடும் கவசமாகத் தைக்கிறார்கள். மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். மண்ணில் சிந்தும் ரத்தம் மழைக்கான காணிக்கை. இப்படி அடிவாங்கும் பொருள் நூறு வருடம் தாங்காது. தாங்கவும் வேண்டியதில்லை, போன வருடம் தைத்ததும் அசல்தான்.

மர முகமூடி வரும் ஆட்டங்களில் எனக்குப் பிடித்தது த்லாகொலொலேரோஸ். மலைச்சரிவில் காடு வெட்டிச் சோளம் விதைக்கும் விவசாயிகளாகச் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு ஆடுவார்கள். புலியைத் துரத்திப் பிடிக்க 'மாராவில்யா' என்று ஒரு பெண் நாய் வரும். அதுவும் முகமூடி போட்ட ஆள்தான். பயங்கரமும் கேலியும் கலந்த கூத்து.

சரி, உங்கள் முகமூடி. மஞ்சள், கண்ணாடிக் கண், பன்றிமுடி எல்லாம் ஒலினலா ஊர் வேலையை நினைவூட்டுகின்றன. அது அரக்கு வேலைக்குப் பேர்போன ஊர். சியா விதை எண்ணெயும் மண்பொடியும் சேர்த்துப் பூசித் தேய்த்து மெருகேற்றுவார்கள். 1994இல் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே விற்பனைக்கென்றே செய்ததாக இருந்தாலும் அது நல்ல கைவினைதான். கைவினைக்கான விலை கொடுத்திருந்தால் நீங்கள் ஏமாறவில்லை. பழம்பொருளுக்கான விலை கொடுத்திருந்தால் ஏமாந்துவிட்டீர்கள்.

அடுத்தது வாங்கும் முன் சான் லூயிஸ் பொதோசியில் இருக்கும் தேசிய முகமூடி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரம்தான். நேரம் இருந்தால் சகதேகாஸில் ரஃபேல் கொரோனெல் அருங்காட்சியகமும். பழைய மடாலயத்துக்குள் ஆயிரக்கணக்கில் முகமூடிகள் வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் போதாது.