மாத ஊசியா, மூன்று மாத ஊசியா?

கேள்வி: எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது, தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போடுகிறார்கள். மாதவிடாய் வருவதில்லை. கெட்ட இரத்தம் வயிற்றிலேயே தங்கிவிடும் என்று தோட்டத்து லயத்தில் பயமுறுத்துகிறார்கள். வெளிநாட்டிலுள்ள என் அண்ணி மாதந்தோறும் ஊசி போடுகிறார். அவருக்கு ஒழுங்காக வருகிறதாம். நானும் அதற்கு மாறலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம், சகோதரி. உங்களுக்குப் போடப்படும் 150 மில்லிகிராம் ஊசியில் புரொஜெஸ்டரோன் வகை ஹோர்மோன் மட்டுமே உள்ளது. அது கருப்பையின் உட்படலத்தைத் தடிக்கவிடாமல் வைத்திருப்பதால், வெளியேற வேண்டிய இரத்தமே அங்கே உருவாவதில்லை. உருவாகாதது எப்படித் தங்கும்?

அண்ணி போடுவது இரு ஹோர்மோன்கள் சேர்ந்த ஊசியாக இருக்க வேண்டும். அதில் ஒரு வகையில் 25 மில்லிகிராம் மெட்ராக்சிபுரொஜெஸ்டரோன் என்ற புரொஜெஸ்டரோன் வகை ஹோர்மோனுடன் 5 மில்லிகிராம் எஸ்ட்ரடையோல் சிபியோனேட் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹோர்மோன் கலந்திருக்கும். மாதவிடாய் ஏறத்தாழ ஒழுங்காக வருவதற்குக் காரணம் இந்த ஈஸ்ட்ரோஜன்தான். உங்களுக்கு அது பொருந்தாததற்கும் அதுவே காரணம். ஈஸ்ட்ரோஜன் தாய்ப்பாலைக் குறைக்கக்கூடும் என்பதால், தாய்ப்பாலையே நம்பியுள்ள குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்க்கு இந்த ஊசி பரிந்துரைக்கப்படுவதில்லை. அதன் பின்னரும், உயர் குருதியமுக்கம், கால் இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்த வரலாறு, பாரிசவாதம், மார்பகப் புற்றுநோய், கடுமையான ஈரல் நோய், கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றித் தொடங்கும் ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும்.

நாள் கணக்கும் இறுக்கமானது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஏழு நாளுக்கு மேல் பிந்தினால் பாதுகாப்பை நம்ப முடியாது. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் ஒருவர் மாதந்தோறும் அரைப்பேரை (அரைநாள் சம்பளத்தை) இழந்து கிளினிக்கில் காத்திருப்பது, என் பார்வையில், சிறிய விடயமல்ல.

ஒரு விடயத்தில் மாத ஊசிக்கு மேன்மை உண்டு. நிறுத்திய பின் கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஐந்து மாதமளவில் போதும். உங்கள் ஊசிக்குப் பத்து மாதமளவில் ஆகலாம். அடுத்த குழந்தையை விரைவில் விரும்பினால், இதை மருத்துவ மாதுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உரிய திகதிக்கு ஊசி போட்டிருந்தால் மாதவிடாய் வராததற்காக அஞ்ச வேண்டியதில்லை. நான்கு வாரத்துக்கு மேல் பிந்தியிருந்தாலோ, குமட்டல் போன்ற அறிகுறிகள் தெரிந்தாலோ, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.